பேரரத்தை மணக்கும் டோம் கா: தாய்லாந்துத் தேங்காய்ப் பால் சூப்பை வீட்டில் வைக்கும் முறை

தாய்லாந்து உணவகங்களில் தேங்காய்ப் பால் சூப் என்று கேட்டால் பெரும்பாலும் மேசைக்கு வருவது டோம் கா. கோழி சேர்த்தால் அது டோம் கா காய். காளான் மட்டும் சேர்த்தால் டோம் கா ஹெட். பெயரைக் கேட்டதும் தேங்காய்ப் பாலைப் பற்றியே யோசிக்கத் தொடங்குகிறோம். ஆனால் இந்த சூப்புக்கு உயிர் கொடுப்பது ‘கா’ என்னும் கிழங்கு. தமிழ் மருத்துவ நூல்கள் பேரரத்தை என்று குறிப்பது அதைத்தான். அது சரியாக அமைந்துவிட்டால் மற்றவை தாமாகவே சேர்ந்துகொள்ளும். அது இல்லாமல் எத்தனை விலை உயர்ந்த பாலை ஊற்றினாலும் கிடைப்பது இனிப்பும் கொழுப்பும் கலந்த வெள்ளைக் குழம்புதான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட தாய்லாந்துச் சமையல் குறிப்புகளில் டோம் கா இப்போதைய சூப்பாக இல்லை. கோழியையோ வாத்தையோ நீர்த்த தேங்காய்ப் பாலில் போட்டு, பேரரத்தையைத் தாராளமாகச் சேர்த்து வேகவைப்பார்கள். வெந்த இறைச்சியை வறுத்த மிளகாய் விழுதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். எலுமிச்சைப்புல்லும் காளானும் புளிப்பும் சேர்ந்து இன்றைய சூப்பானது பிற்பாடு. இந்த வரலாற்றை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. கிழங்கைக் கிள்ளிப் போடாமல் அள்ளிப் போட வேண்டும் என்ற பழக்கம் அன்றிலிருந்தே வருகிறது. முதன்முறை செய்பவர்கள் தயங்குவதும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் தாளிப்பு கிடையாது. எண்ணெய் கிடையாது. மஞ்சள் தூள், இஞ்சிபூண்டு விழுது, கறிவேப்பிலை, சீரகம் எதுவும் வேண்டாம். தேங்காய்ப் பாலைக் கண்டதும் நம் கை அஞ்சறைப் பெட்டியை நோக்கிப் போகும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். மணப்பொருள்களை வதக்காமல், பாலின் இளஞ்சூட்டில் ஊறவிட்டு அவற்றின் மணத்தை இறக்குவதே இங்கு வேலை. கெட்டியாக இருக்கட்டும் என்று சோள மாவு கரைத்து ஊற்றும் உணவகங்களும் உண்டு. அப்படிச் செய்தால் நாக்கில் மாவு படிந்து, கிழங்கின் மணம் மேலெழாமல் போய்விடும்.

கடைக்குப் போகும் முன்

நான்கு பேருக்கான அளவு இது. முற்றிய பெரிய தேங்காய் ஒன்று, பேரரத்தை 50 கிராம், எலுமிச்சைப்புல் தண்டு மூன்று, காஃபிர் லைம் இலை ஆறு, எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 300 கிராம், சிப்பிக் காளான் 200 கிராம், மீன் சாஸ் இரண்டு முதல் மூன்று மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு மூன்று மேசைக்கரண்டி, காந்தாரி மிளகாய் ஐந்தாறு, வேரோடு கூடிய கொத்தமல்லி ஒரு சிறு கட்டு.

பேரரத்தை வாங்கும்போது கவனம் தேவை. கடையில் இஞ்சிக்குப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். பேரரத்தையின் தோல் வெளிறி வழுவழுப்பாக இருக்கும். குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள் ஓடும். முளை இளஞ்சிவப்பாக இருக்கும். நகத்தால் கீறி முகர்ந்தால் இஞ்சியின் காரநெடி வராது. மிளகும் பைன் மரப் பிசினும் கலந்தது போன்ற ஒரு குளிர்ந்த வாசம் வரும். இளசாகக் கிடைத்தால் விடாதீர்கள். முற்றிய கிழங்கு கட்டைபோல் இறுகியிருக்கும், நெடியும் கூடுதல்; அதை வாங்கினால் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்கும் காய்ந்த சித்தரத்தை இதே இனத்தைச் சேர்ந்தது என்பதால், அதைப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. காய்ந்ததில் அந்தக் குளிர்ந்த வாசம் போய், கசப்பும் காரமும் மிஞ்சி நிற்கும். சூப்பில் கஷாய நெடி ஏறிவிடும். பொடியாக இருந்தால் இன்னும் மோசம், பாலே கலங்கிவிடும். பச்சைக் கிழங்கு கிடைக்காத ஊரில் உறைந்த நிலையில் விற்கும் துண்டுகள் நல்ல மாற்று. இஞ்சி போட்டும் தேங்காய்ப் பால் சூப் வைக்கலாம், குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதை டோம் கா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பெருநகரங்களின் பெரிய காய்கறிக் கடைகளில் பேரரத்தை, எலுமிச்சைப்புல், காஃபிர் லைம் இலை மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். முதன்முறை செய்பவர்களுக்கு அதுவே எளிது.

மலேசியத் தமிழர்கள் செராய் என்று சொல்லும் எலுமிச்சைப்புல்லை நம் ஊர்க் கடைகளில் பல நேரம் தேநீருக்கான இலையாக மட்டும் விற்பார்கள். நமக்கு வேண்டியது அடித்தண்டு, வேரிலிருந்து ஒரு சாண் நீளம் வரை உள்ள வெளிர்ப் பகுதி. இலைதான் கிடைத்தது என்றால், பத்துப் பன்னிரண்டு இலைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பாலில் இட்டு, பரிமாறும் முன் முடிச்சோடு எடுத்துவிடுங்கள்.

காஃபிர் லைம் இலை ஒரே காம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இலைகள் கோத்ததுபோல் இருக்கும். காய்ந்த இலையில் மணம் பாதிகூட நிற்காது. உறைந்தது கிடைத்தால் வாங்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால், வேப்பிலைக்கட்டி இடிப்பதற்குப் பறிக்கும் நாரத்தை இலையின் இளந்தளிர் நான்கைந்து போடுங்கள். மணம் ஒன்றாக இராது என்றாலும், அந்தப் பச்சை வாசத்தின் இடம் வெறுமையாகிவிடாது.

எலுமிச்சையில் நமக்கு ஒரு வசதி உண்டு. தாய்லாந்துக்காரர்கள் பிழிவது சிறிய, மெல்லிய தோலுள்ள, சாறு நிறைந்த பழம். நம் சந்தையில் குவிந்து கிடக்கும் நாட்டு எலுமிச்சையும் அதே இனம்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெரிய மஞ்சள் லெமனைத் தவிர்த்து, பச்சை நிற லைமைத் தேடி வாங்குங்கள். மஞ்சள் பழத்தின் புளிப்பில் இந்த சூப்புக்கு வேண்டிய கூர்மை கிடையாது.

மீன் சாஸ் என்பது நெத்திலி மீனையும் உப்பையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடித்த நீர். புட்டியைத் திறந்ததும் வரும் வாடை சிலரைப் பின்வாங்க வைக்கும். சூட்டில் அந்த வாடை அடங்கி, உப்போடு ஓர் ஆழம் மட்டும் தங்கும். சைவ உணவுக்காரர்கள் உப்பும் வெளிர்நிற சோயா சாஸும் சேர்த்துக்கொள்ளலாம். தாய்லாந்திலேயே அதற்கு வழக்கம் இருக்கிறது. புக்கெட் தீவில் ஆண்டுதோறும் நடக்கும் சைவ உணவுத் திருவிழாவின்போது மீன் சாஸைத் தொடாமல்தான் சமைக்கிறார்கள்.

தேங்காய்ப் பால்

பால் எடுப்பதில் நமக்குக் கற்றுத்தர எதுவும் இல்லை. தேங்காயைத் துருவி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால் சுமார் 250 மில்லி வரும். அதே சக்கையில் இரண்டு டம்ளருக்குச் சற்று அதிகமாக நீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால் 500 மில்லி கிடைக்கும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். முழுச் செய்முறையும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது: மணப்பொருள்களும் இறைச்சியும் வேகுவது இரண்டாம் பாலில், முதல் பால் கடைசியில் சேரும்.

டின் பாலோ அட்டைப் பெட்டிப் பாலோ வாங்கினால் பின்பக்க அச்சைப் படியுங்கள். தேங்காயும் தண்ணீரும் மட்டும் இருப்பது நல்லது. குவார் கோந்து போன்றவை சேர்ந்த பால் திரியாமல் நிற்கும், ஆனால் சூப் கொஞ்சம் பிசுபிசுக்கும். 400 மில்லி டின் ஒன்றில் பாதியோடு 350 மில்லி தண்ணீர் கலந்தால் அது இரண்டாம் பாலுக்கு ஈடு. மீதி முதல் பாலுக்கு. தேங்காய்ப் பால் பொடிகள் பலவற்றில் கேசினேட் என்னும் பசும்பால் புரதம் சேர்ந்திருக்கும். பாலே தொடாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நறுக்குவது

பேரரத்தையைத் தோல் சீவ வேண்டியதில்லை, கழுவினால் போதும். நாருக்குக் குறுக்கே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வட்ட வில்லைகளாக நறுக்குங்கள். கனமான கத்தி வேண்டும். மெல்லிய கத்தி வழுக்கி விரலைப் பதம் பார்த்துவிடும்.

எலுமிச்சைப்புல்லின் வெளி மடலை உரித்துவிட்டு, கத்தியின் பின்புறத்தாலோ குழவியாலோ நார் பிளக்கும்படி தட்டி, இரண்டு அங்குலத் துண்டுகளாகச் சாய்வாக வெட்டுங்கள். தட்டாமல் போட்டால் மணம் தண்டுக்குள்ளேயே கிடக்கும். காஃபிர் லைம் இலையின் நடுநரம்பைக் கிழித்தெடுத்து, இலையைக் கையால் இரண்டாகக் கிழியுங்கள். கொத்தமல்லி வேரை நாம் வெட்டி எறிந்துவிடுகிறோம். தாய்லாந்துச் சமையலில் அதற்கு இலையைவிட மதிப்பு அதிகம். மண் போகக் கழுவி, லேசாக நசுக்கி வையுங்கள். தழையைத் தனியே நறுக்கிக்கொள்ளுங்கள்.

கோழியை நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். நெஞ்சுக்கறியும் போடலாம், ஆனால் ஒரு நிமிடம் கூடினாலும் சக்கையாகிவிடும். புதிதாகச் செய்பவர்களுக்குத் தொடைக்கறிதான் பாதுகாப்பு. காளானைக் கையாலேயே பிய்த்துக்கொள்ளலாம்.

அடுப்பில்

அகன்ற பாத்திரத்தில் இரண்டாம் பாலை ஊற்றி, பேரரத்தை, எலுமிச்சைப்புல், கொத்தமல்லி வேர், அரைத் தேக்கரண்டி உப்பு இவற்றைப் போட்டு அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள். மூடி போடக் கூடாது. மூடினால் சூடு உள்ளே ஏறி, நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பால் பொங்கிவிடும். பத்து நிமிடம் இப்படியே கிடக்கட்டும், அவ்வப்போது கிளறினால் போதும். ரசம் நுரைகட்டி எழும்போது கொதிக்கவிடாமல் இறக்குவோமே, அந்தப் பக்குவத்தில்தான் இந்தப் பால் முழுநேரமும் நிற்க வேண்டும்: ஓரத்தில் சிறு குமிழிகள், நடுவில் மெல்லிய அசைவு.

கொதி ஏன் கூடாது? தேங்காய்ப் பால் என்பது நீரில் நுண்துளிகளாக மிதக்கும் எண்ணெய். அந்தத் துளிகளைச் சுற்றியிருக்கும் புரதம்தான் அவற்றை ஒன்றுசேராமல் பிரித்து வைத்திருக்கிறது. சூடு ஏற ஏறப் புரதம் உருமாறித் திரளும். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே வரும். அதோடு புளிப்பும் சேர்ந்தால் திரிதல் இன்னும் விரைவாக நடக்கும். சொதி வைப்பவர்களுக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் சொதியை இறக்கிய பிறகுதான் எலுமிச்சை பிழிகிறார்கள். இங்கும் அதே ஒழுங்கு. மேலே இங்கொன்றும் அங்கொன்றுமாக எண்ணெய்த் துளிகள் மிதந்தால் பதற வேண்டாம். வீட்டில் பிழிந்த பாலில் அது இயல்பு. வெள்ளைத் திப்பிகள் மிதந்தால்தான் திரிந்துவிட்டது என்று பொருள். அப்போதும் குடிக்கக் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் நன்றாக இராது.

பத்தாவது நிமிடத்தில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். தொண்டையில் லேசான காரமும் மூக்கில் அந்தக் குளிர்ந்த வாசமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பின்னால் சேர்க்கும் எதுவும் இந்தக் குறையை ஈடுகட்டாது.

இப்போது கோழியைச் சேர்த்து, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு நிமிடம் ஆகும். ஒரு பெரிய துண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. பிறகு காளான், இரண்டு மேசைக்கரண்டி மீன் சாஸ், சர்க்கரை. சர்க்கரைக்குப் பதில் தாய்லாந்தில் பனஞ்சர்க்கரை போடுவது வழக்கம். நம் கருப்பட்டி அதைவிடக் கறுப்பு, மணமும் தூக்கல். பாலின் நிறத்தைக் கெடுத்துவிடும். பனங்கற்கண்டு இருந்தால் பொடித்துப் போடலாம். காளான் மூன்று நிமிடத்தில் வெந்துவிடும்.

அடுத்து முதல் பாலை ஊற்றி, காஃபிர் லைம் இலையையும் போட்டு, ஓரங்களில் மீண்டும் குமிழி எட்டிப் பார்க்கும்வரை மட்டும் சூடாக்குங்கள். உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

புளிப்பும் காரமும்

எலுமிச்சைச் சாற்றைப் பாத்திரத்தில் ஊற்றுவதைவிட நல்ல முறை ஒன்று தாய்லாந்துச் சமையலறைகளில் உண்டு. பரிமாறும் கிண்ணத்தில் முதலில் சாற்றையும், ஒரே தட்டில் பிளந்துபோகும்படி நசுக்கிய மிளகாயையும் போட்டு, அதன்மேல் சூடான சூப்பை ஊற்றுவது. அடுப்புச் சூடு படாததால் சாற்றின் மணம் கலையாது, கசப்பும் ஏறாது. பச்சை மிளகாயின் வாசமும் அப்படியே நிற்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொரு வசதி: அவர்கள் கிண்ணத்தில் மிளகாயை விட்டுவிடலாம், சூப் முழுவதையும் காரமில்லாமல் வைக்க வேண்டியதில்லை.

காந்தாரி கிடைக்காவிட்டால் சிறிய, காரமான எந்தப் பச்சை மிளகாயும் சரி. இலங்கையில் கொச்சிக்காய் அருமையாகப் பொருந்தும். மிளகாய்த் தூள் வேண்டாம். செம்மஞ்சள் எண்ணெய் மிதக்கும் டோம் காவை உணவகங்களில் பார்த்திருப்பீர்கள். அது ‘நாம் ப்ரிக் பாவ்’ என்னும் வறுத்த மிளகாய் விழுதால் வருவது. விருப்பமிருந்தால் அரைத் தேக்கரண்டி மேலே விடலாம். முதன்முறை அது இல்லாமலே குடித்துப் பாருங்கள், கிழங்கின் மணம் தனியாகத் தெரியும்.

ஊற்றியபின் சுவை பாருங்கள். முதலில் புளிப்பு, அதை ஒட்டி உப்பு, கடைசியில் பாலின் இனிப்பு என்ற வரிசையில் நாக்கில் தெரிய வேண்டும். எல்லாம் இருந்தும் சுவை எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் உப்புதான் குறைவு. மீன் சாஸை அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாகச் சேருங்கள். குடித்ததும் திகட்டினால் எலுமிச்சை போதவில்லை. புளிப்பு பல்லைக் கூசவைத்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை, அதற்குமேல் வேண்டாம். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டிக்குப் புட்டி உப்பு மாறும். ஆகவே நான் சொன்ன அளவுகளைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள்.

கொத்தமல்லித் தழையைத் தூவிப் பரிமாறலாம். பேரரத்தை வில்லை, புல் தண்டு, எலுமிச்சை இலை மூன்றையும் மெல்லக் கூடாது என்று விருந்தினருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தாய்லாந்தில் அவற்றைக் கிண்ணத்திலேயே விட்டு, ஓரமாக ஒதுக்கியபடி சாப்பிடுவார்கள். வடித்து எடுத்துவிட்டால் குடிக்க எளிது, ஆனால் கிண்ணத்தில் இருக்கும்வரை அவை மணம் விட்டுக்கொண்டே இருக்கும். நான் எடுப்பதில்லை.

சாப்பாட்டுக்கு முன் தனியாகக் குடிக்கும் சூப்பாக உணவகங்கள் இதைப் பழக்கிவிட்டன. தாய்லாந்து வீடுகளில் எல்லாப் பதார்த்தங்களும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். டோம் காவைக் கரண்டியால் எடுத்துச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். பொரித்த மீனோ காரமான பச்சைக் காய்க் கலவையோ பக்கத்தில் இருக்கும். நீங்களும் சூடான வெள்ளைச் சோற்றோடு பரிமாறுங்கள். மல்லிகை அரிசிதான் வேண்டும் என்பதில்லை, குழையாத எந்தப் பச்சரிசிச் சோறும் பொருந்தும்.

கை பழகிய பிறகு வாழைப்பூ போட்டு வைத்துப் பாருங்கள். தாய்லாந்திலும் அப்படிச் செய்வது உண்டு. பூவின் உள்மடல்களையும் கள்ளன் நீக்கிய பூக்களையும் நறுக்கியவுடன் எலுமிச்சை பிழிந்த நீரில் போட்டால் கறுக்காது. கோழிக்கு முன்பே பாலில் சேர்த்து மென்மையாகும்வரை வேகவிட வேண்டும். அதன் இலேசான துவர்ப்பு பாலின் கொழுப்போடு சேரும்போது வருகிற சுவைக்காகவே இந்த சூப்பை அடிக்கடி வைக்கலாம்.

மீந்த சூப்பை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். தேங்காய்ப் பால் வெளியில் தாங்காது. சூடாக்கும்போதும் சிறுதீதான், ஆனால் நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக வேண்டும். முதல் நாளின் புளிப்பு மங்கியிருக்கும், இறக்கியபின் கொஞ்சம் புதிதாகப் பிழிந்துகொள்ளுங்கள். மீந்த பேரரத்தையை வில்லைகளாக நறுக்கி உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். காஃபிர் லைம் இலையும் அப்படியே. முளையுள்ள துண்டு ஒன்றை மட்டும் அகலத் தொட்டியில் நட்டுவிடுங்கள். ஏறத்தாழ ஓராண்டில் தோண்டி எடுக்கலாம். எலுமிச்சைப்புல்லுக்கு அவ்வளவு காத்திருப்பும் தேவையில்லை, தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் சில வாரங்களில் வேர்விட்டுவிடும்.